கூரைத் தளத்தின் மேல் எத்தனை மில்லிமீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு, மனைப் பக்கங்களில் 'மின்சிக்கன வீடு' என்ற பெயரில் வரும் விளம்பரங்களில் ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர் ஏசி, மாடியில் சோலார் பலகை, கைப்பேசியில் இயங்கும் சுவிட்சுகள். இவை எல்லாமே குடிவந்து ஐந்து வருஷம் கழித்துக்கூட வாங்கிப் பொருத்தக்கூடியவை. கூரைத் தளத்தின் மேல் எத்தனை மில்லிமீட்டர் வெப்பக்காப்பு இருக்கிறது, ஜன்னலில் என்ன கண்ணாடி, சுவரும் ஜன்னல் சட்டமும் சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. புது வீடு வாங்குகிறவருக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் இந்த மூன்றில்தான் இருக்கிறது. கட்டும்போது இவற்றைச் சரியாகச் செய்ய ஆகும் கூடுதல் செலவு சிறியது. பிறகு செய்வதென்றால் மாடி ஓடுகளைப் பெயர்த்து, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுரண்டி, ஜன்னலைப் பிடுங்கித்தான் செய்ய வேண்டும்.

கூரையைக் கணக்காகவே பார்க்கலாம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் வரை விழுகிறது. வெளிர் பூச்சு இல்லாத மாடித் தளம் 60 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி, அறைக்குள் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 150 மி.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 115 வாட் வெப்பத்தைக் கீழே இறக்கும். 100 சதுர மீட்டர் கூரைக்கு இது 11.5 கிலோவாட். ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆக, கூரையின் வெப்பத்தை மட்டும் சமாளிக்க மூன்று டன்னுக்கு மேல் வேண்டும். அதே தளத்தின் மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆன) நுரைப்பலகை விரித்துவிட்டால் 115 வாட் என்பது 17 வாட்டாகக் குறைகிறது. அரை டன் போதும். தளம் சூடேற நேரம் எடுப்பதால் நடைமுறையில் இரண்டு எண்களுமே கொஞ்சம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

'எங்கள் கட்டடத்தில் தளம் கனமாகப் போட்டிருக்கிறோம், சூடு இறங்காது' என்று சொல்பவர்கள் உண்டு. கான்கிரீட் தடிமனை 300 மி.மீ. ஆக்கினாலும் 115 வாட் 84 வாட்டாகத்தான் குறையும். 50 மி.மீ. நுரைப்பலகைக்கு ஈடாகக் கான்கிரீட் போடுவதென்றால் 2.4 மீட்டர் உயரத்துக்குப் போட வேண்டும்! கனமான தளம் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. பகலெல்லாம் வாங்கிவைத்ததை ராத்திரியில் இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மேல்மாடிப் படுக்கையறையில் வேர்த்துக் கொட்டுவது இதனால்தான். 230 மி.மீ. செங்கல் சுவரும் இப்படித்தான், வெளிச் சூடு உள்ளே வந்து சேர ஆறேழு மணி நேரம் எடுக்கும். மேற்குச் சுவரில் பிற்பகலில் விழுந்த வெயில் படுக்கப் போகும் நேரத்துக்குச் சரியாக அறைக்குள் வந்து நிற்கும்.

காப்பைத் தளத்துக்கு மேலே போடுவதா, கீழே பொய்க்கூரைக்குள் போடுவதா என்பது அடுத்த கேள்வி. மேலேதான். கீழே போட்டால் அறைக்கு வரும் சூடு குறையும். ஆனால் கான்கிரீட் தினமும் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கிக்கொண்டே இருக்கும், விரிசல் விடும், அந்த விரிசல் வழியே மழைநீர் இறங்கும். மேலே போட்டால் தளமே நிழலில் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. அடுக்கு வரிசை முக்கியம்: முதலில் தளம், அதன் மேல் நீர் வடியும் சரிவு, அதன் மேல் நீர்த்தடுப்புப் படலம், அதற்கு மேல் நுரைப்பலகை, பிறகு பிரிக்கும் துணி, கடைசியாக ஓடு அல்லது மெல்லிய கான்கிரீட். இப்படிப் போட்டால் நீர்த்தடுப்புப் படலத்தில் வெயிலே படாது, ஆயுள் கூடும். இந்த வரிசைக்குத் தண்ணீர் குடிக்காத எக்ஸ்பிஎஸ் பலகைதான் சரி. கண்ணாடி இழைப் பஞ்சைப் படலத்துக்கு மேலே போட்டால் முதல் மழையிலேயே நனைந்து வீணாகும், நனைந்த பஞ்சு காப்பே கிடையாது. பிளாஸ்டிக் நுரை எதுவானாலும் எரியும் பொருள். அதைத் திறந்த நிலையில் விடவே கூடாது.

பலகை போட்டாயிற்று என்பதோடும் முடியவில்லை. கைப்பிடிச் சுவரின் அடிப்பகுதி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனித் தளம், சன்ஷேட் ஆகிய இடங்களில் கான்கிரீட் வெளியிலிருந்து உள்ளே தொடர்ச்சியாக ஓடுகிறது. காப்பு அங்கே அறுந்துபோகிறது. வெயில் பிரதேசத்தில் அந்த இடம் சூட்டை உள்ளே கடத்தும். குளிர் பிரதேசத்தில் அறையின் அந்த மூலை மட்டும் சில்லிட்டு, ஈரம் படிந்து, பூஞ்சை கறுக்கும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 9 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் முத்து முத்தாகப் படியும். பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டாம், பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே போதும். மூலையில் கறுப்பு வந்தால் பெயின்ட் சரியில்லை என்று பெயின்டரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் அது பெயின்டரின் குற்றமே இல்லை.

மாடியில் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் நல்லதுதான். புதிதில் அது வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தூசு படியப் படிய அந்தத் திறன் இறங்கும், அவ்வப்போது கழுவ வேண்டும், சில வருஷங்களில் மறுபடி அடிக்க வேண்டும். நுரைப்பலகைக்கு மாற்றாக இதை விற்கிறார்கள்; துணையாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல.

இனி ஜன்னல். இங்கேதான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'டபுள் கிளேஸிங் போட்டிருக்கிறோம்' என்றால் பாதி விஷயம்தான் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு இரண்டு எண்கள் உண்டு. வெப்பநிலை வித்தியாசத்தால் கடக்கும் வெப்பத்தைச் சொல்வது யு-மதிப்பு (குறையக் குறைய நல்லது): ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 அளவில், சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவில், லோ-ஈ பூச்சும் (வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு) நடுவே ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடிக்கு 1.1 முதல் 1.3 வரை. இன்னொன்று, நேரடி வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்று சொல்லும் எண். வெற்றுக் கண்ணாடிக்கு இது 0.8-க்கு மேல், வெயில்தடுப்புப் பூச்சுள்ள நல்ல கண்ணாடிக்கு 0.3. மேற்கு ஜன்னலில் மாலை நான்கு மணிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் விழுகிறது என்று கொள்ளுங்கள். இரண்டு சதுர மீட்டர் வெற்றுக் கண்ணாடி என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் உள்ளே வருகிறது, அறைக்குள் ஒரு ஹீட்டரைப் போட்டுவிட்டு ஏசியையும் ஓடவிடுவதற்குச் சமம். 0.3 கண்ணாடியில் அது 360 வாட்.

வெயில் நாட்டில் இந்த இரண்டாவது எண்தான் பெரிது, யு-மதிப்பு பிறகுதான். குளிர் நாட்டில் கதை தலைகீழ்: யு-மதிப்பு மிகக் குறைவாகவும், நண்பகல் சூரியனைப் பார்த்த பக்கத்தில் (வட அரைக்கோளத்தில் தெற்கு) வெயிலைத் தாராளமாக உள்ளே விடும் கண்ணாடியும் வேண்டும். ஓரிடத்துக்கு நல்ல கண்ணாடியை இன்னோரிடத்தில் போட்டால் காசு கொடுத்துத் தொல்லையை வாங்கிய மாதிரி. கருப்புக் கண்ணாடியை நம்பவே வேண்டாம். அது வெளிச்சத்தை வெட்டுகிறது, தான் சூடாகி அந்தச் சூட்டில் ஒரு பகுதியை அறைக்குள் விடுகிறது, பகலில் விளக்கைப் போட வைக்கிறது.

லோ-ஈ பூச்சு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு லைட்டர் சுடரைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துச் சாய்வாகப் பார்த்தால், இரட்டைக் கண்ணாடியில் நான்கு பிம்பங்கள் வரிசையாகத் தெரியும். அதில் ஒன்று மற்ற மூன்றிலிருந்து நிறம் மாறித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. நான்கும் ஒரே நிறமென்றால் வெறும் கண்ணாடிதான். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓரத்தில் ஓடும் பட்டையையும் பாருங்கள், பல தயாரிப்பாளர்கள் கண்ணாடியின் விவரத்தை அதில் அச்சிட்டிருப்பார்கள். இரு கண்ணாடிகளுக்கும் இடையே மூட்டமாகப் பனி தெரிந்தால் ஓர அடைப்பு போய்விட்டது என்று பொருள். துடைத்துப் பயனில்லை, அந்த அலகையே மாற்ற வேண்டும்.

சட்டம் வெறும் அலுமினியம் என்றால் நல்ல கண்ணாடியும் பாழ். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவது பிவிசியைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அலுமினியம்தான் வேண்டுமென்றால் உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் நடுவே பாலியமைடு (நைலான் வகைப் பிளாஸ்டிக்) பட்டை வைத்துத் துண்டித்த சட்டமாக இருக்க வேண்டும். வெட்டுமுகத்தைப் பார்த்தால் கறுப்புப் பட்டை கண்ணுக்கே தெரியும். இதற்கெல்லாம் முன்னால் வெயிலை வெளியிலேயே நிறுத்துவது மலிவு. உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தாயிற்று. திரை சூடாகி அந்தச் சூடு அறையில்தான் தங்கும். உச்சி வெயிலுக்குக் கிடைமட்ட சன்ஷேட் போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக வருவதால் அங்கே செங்குத்துத் தடுப்போ, வெளிப்புறத் தட்டிகளோதான் பயன்படும். வரைபடத்தில் நான்கு பக்கமும் ஒரே அளவு சன்ஷேட் போட்டிருந்தால், வரைந்தவர் திசையைப் பார்க்கவே இல்லை.

காற்றுக்கசிவைப் பலர் பொருட்டாகவே எடுப்பதில்லை. இதற்கு ஒரு சோதனை உண்டு: வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரச்செய்து, மணிக்கு எத்தனை முறை வீட்டுக் காற்று மாறுகிறது என்று அளப்பார்கள். மிகக் குறைந்த மின்சக்தியில் இயங்கும் வீடுகளுக்காக ஜெர்மனியில் உருவான 'பாசிவ்ஹவுஸ்' தரத்தில் இது 0.6-ஐத் தாண்டக்கூடாது. கவனமில்லாமல் கட்டிய வீட்டில் 10-ஐத் தாண்டும். சோதனை எண்ணை 20-ஆல் வகுத்தால் சாதாரண நாளின் கசிவு தோராயமாகக் கிடைக்கும். 250 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில் சோதனை எண் 10 என்றால், மணிக்கு 125 கன மீட்டர் வெளிக்காற்று அழையாமல் உள்ளே வருகிறது. வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம். உள்ளே 25 டிகிரி, 55 சதவீதம் என்றால், அந்தக் காற்றோடு மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. அதைப் பிழிந்தெடுக்க மட்டும் ஏசியின் திறனில் ஒரு கிலோவாட் போய்விடும், அறை ஒரு டிகிரிகூடக் குளிர்ந்திருக்காது.

கசியும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். ஏசி குழாய் சுவரைத் துளைக்கும் ஓட்டை, மின்குழாய் வழியே சுவிட்சுப் பெட்டிக்கு வரும் காற்று, வெறும் சாந்து வைத்து அடைத்த ஜன்னல் சட்ட ஓரம், மூடி சரியாக விழாத குளியலறை எக்ஸாஸ்ட், கூரைக்குள் பதித்த விளக்குகள். காற்றடிக்கும் நாளில் சமையலறை எக்ஸாஸ்டை முழு வேகத்தில் ஓடவிட்டு, எல்லா ஜன்னலையும் மூடி, எரியும் ஊதுவத்தியை இந்த இடங்களில் காட்டினால் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் இப்படி இறுக்கமாகக் கட்டிய வீட்டுக்குக் காற்றோட்டம் தனியாகத் திட்டமிடப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பேர் கதவடைத்துத் தூங்கும் அறையில் கரியமில வாயு 1,000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை) தாண்ட அதிக நேரம் ஆகாது. வெளியேறும் காற்றின் குளிர்ச்சியையோ சூட்டையோ வாங்கி, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் சாதனங்கள் 75 முதல் 90 சதவீதம் வரை மீட்கின்றன. அறைக்காற்றை எடுத்து எரியும் கேஸ் வாட்டர் ஹீட்டர் இறுக்கமான வீட்டுக்குள் இருக்கவே கூடாது. எக்ஸாஸ்ட் ஓடும்போது அதன் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பும், கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

ஈரத்தடுப்புத் தாளைச் சுவரின் எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதிலும் அடிக்கடி தப்பு நடக்கிறது. வெதுவெதுப்பான, ஈரமான பக்கத்தில்தான் அது இருக்க வேண்டும். குளிர் நாட்டில் அது அறைப் பக்கம். ஈரமும் வெயிலும் உள்ள நாட்டில், ஏசி ஓடும் வீட்டுக்கு அது வெளிப்பக்கம். குளிர் நாட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே உள்ளே ஒட்டிவிட்டால் வெளியிலிருந்து வரும் ஈரம் தாளுக்குப் பின்னால் சுவருக்குள் தங்கிவிடும். உள்சுவரில் ஒட்டும் வினைல் வால்பேப்பரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கூரை, சுவர், ஜன்னல் சேர்ந்த வெளிக்கூடு சரியாக இருந்தால் இயந்திரங்கள் தாமே சிறுத்துவிடும். ஏசி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அறையைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும்; ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது, அறை சில்லென்று பிசுபிசுக்கும். சதுர அடியைக் கேட்டு டன் சொல்பவரைவிட, ஜன்னல் எந்தத் திசை, மேலே கூரையா இன்னொரு மாடியா என்று கேட்பவர் நல்லவர். வெந்நீருக்கு: 100 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற மின் கீசருக்கு மூன்றரை யூனிட் ஆகும். காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும், மூன்று மடங்கு திறனுள்ள ஹீட் பம்ப்புக்கு 1.2 யூனிட்டுக்கும் குறைவு. குளியலறை அதிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். உள்விட்டம் 15 மி.மீ. குழாய் 15 மீட்டர் ஓடினால், ஒவ்வொரு முறையும் இரண்டரை லிட்டருக்கு மேல் ஆறிய தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் வெந்நீர் வரும்.

சோலார் பலகை மேல் எனக்குப் பகை இல்லை. ஓட்டைக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே பலகை வைப்பதுதான் தவறு. கனடாவின் ரெஜைனா நகரில் 1977-ல் கட்டப்பட்ட சஸ்காச்சுவான் எரிசக்திச் சேமிப்பு வீட்டில் கனமான காப்பு, காற்றுக் கசியாத சுவர், வெப்பம் மீட்கும் காற்றோட்டம் ஆகியவற்றோடு, சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் விலை உயர்ந்த அமைப்பும் இருந்தது. அந்தச் சூரிய அமைப்பு பராமரிப்புத் தொல்லை தந்து பின்னர் அகற்றப்பட்டது. காப்பும் சுவரும் தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் வந்த முதல் பாசிவ்ஹவுஸ் இந்தப் பாதையிலேயே போனது. இன்னொரு விஷயம்: மின்வாரிய வலையோடு மட்டும் இணைந்த சோலார், மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டுமே அப்போது விளக்கு எரியும். நல்ல காப்புள்ள வீட்டில் ஏசி நின்ற பிறகும் பல மணி நேரம் உட்கார முடியும், இது எந்த விளம்பரத்திலும் வராத ஆதாயம். கூரையின் அடிப்பக்கம் 38 டிகிரியில் தகிக்கும் அறையில் ஏசியை 22-ல் வைத்தும் உடம்பு எரியும். கூரையின் அடிப்பக்கம் 28-ல் இருக்கும் அறையில் ஏசியை 26-ல் வைத்தாலே போதும், இதுவும் விளம்பரத்தில் வராத ஆதாயம்தான்.

கூடுதல் விலை கட்டுபடியாகுமா? கடனில் வாங்குபவருக்குக் கணக்கு எளிது. 8 சதவீத வட்டியில் 20 வருஷக் கடன் என்றால், கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு நூறுக்கும் வருஷத்துக்குப் பத்து கட்ட வேண்டும். 6 சதவீதம் என்றால் எட்டரை. காப்புக்கும் கண்ணாடிக்கும் பில்டர் கேட்கும் கூடுதல் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வருஷ மின்கட்டணத்தில் மிச்சமானால் முதல் வருஷமே கையில் காசு நிற்கும். சிறிய ஏசி வாங்குவதில் மிச்சமாவதைக் கூடுதல் தொகையிலிருந்து கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: சான்றிதழ்கள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்றே மதிப்பிடுகின்றன. முதல்தரச் சான்று பெற்ற பெரிய வீடு, சான்றே இல்லாத சின்ன வீட்டைவிட அதிக மின்சாரம் குடிக்கலாம்.

சான்றிதழ் பெரும்பாலும் வரைபடத்துக்குத் தரப்படுவது, கட்டி முடித்த வீட்டுக்கு அல்ல. ஆகவே கூரை, சுவர் வெட்டுமுக வரைபடத்தை அடுக்குகளின் தடிமனோடு கேளுங்கள். கண்ணாடியின் இரண்டு எண்களையும், காப்புப் பலகை விரித்தபோது எடுத்த படங்களையும், காற்றுக்கசிவுச் சோதனை முடிவையும் கேளுங்கள். 'அதெல்லாம் இன்ஜினியரிடம் இருக்கும்' என்று பதில் வந்தால், அந்த இன்ஜினியரையே கேளுங்கள். சோதனை நடக்கவில்லை என்றால், அதை நடத்தி ஒப்புக்கொண்ட எண் வந்த பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். உள்பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு முறையும், முடிந்த பிறகு ஒரு முறையும் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் சோதனையில் அகப்படும் ஓட்டையை ஒரு டியூப் சீலன்ட்டில் அடைத்துவிடலாம், இரண்டாவதில் அகப்படுவதற்குச் சுவரைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் நாளிதழ் புது வீட்டுத் திட்டங்களைப் பற்றி எழுதும்போது, விலைக்கும் பரப்பளவுக்கும் பக்கத்தில் கூரைக் காப்பின் தடிமனையும் கண்ணாடியின் எண்களையும் பில்டரிடம் கேட்டு அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கட்டட வெப்பக்காப்புத் துறையில் பணிபுரியும் ஒரு பொறியாளர்